தெளுவு கெட்டுவிட்டதா?

அவிநாசியிலிருந்து சேவூர், குன்னத்தூர் பக்கம் போகும் சாலைகளில், மாசி பங்குனி வெயில் ஏறும் நேரத்தில் ஓரமாக வண்டியை நிறுத்தித் தெளுவு குடிப்பவர்கள் ஒரு கேள்வியைக் கேட்காமல் சொம்பைக் கையில் வாங்குவதில்லை. “இன்னைக்கு எறக்குனதுங்களா?” தெற்குச் சீமையில் பதநீர் என்பதைத்தான் கொங்கு நாட்டில் தெளுவு என்கிறோம். “விடியக்காலம் எறக்குனதுங்க” என்று பதில் வரும். கேட்டவர் அதோடு விட்டுவிட மாட்டார். முகர்ந்து பார்ப்பார், மேலே நிற்கும் நுரையைப் பார்ப்பார், ஒரு வாய் உறிஞ்சி நாக்கில் நிறுத்துவார். அதற்கப்புறம்தான் விழுங்குவார். அரை நிமிடத்தில் முடிந்துபோகும் இந்தச் சோதனை எதைச் சரியாகச் சொல்லும், எதைச் சொல்லவே சொல்லாது என்று பார்க்கப் போகிறோம்.

வீட்டில் பீர் வடிக்கும் பழக்கமுள்ள நாடுகளில் ஒவ்வொரு வாளியின் மூடியைத் திறக்கும்போதும் கெட்டுவிட்டதா என்ற இதே கேள்விதான் எழுகிறது. அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டில் பீர் வடிக்க வழி திறந்தது. நம்மிடம் நிலைமை வேறு. 1937-ன் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது வடிப்பது குற்றம். அந்த மதுவிலக்கு முதன்முதலாக நடப்புக்கு வந்த இடமே நமக்கு அருகிலுள்ள சேலம் மாவட்டம்தான். 1937 அக்டோபர் 1. கள்ளுக்கு 1987 முதல் தடை. ஆகவே பீர் கெட்டதா என்ற கேள்வியை நம் ஊரில் கேட்க வேண்டுமென்றால் தெளுவு இறக்கும் பானையிடம், அதாவது முட்டியிடம்தான் கேட்க வேண்டும். இரண்டுக்குள்ளும் வேலை பார்ப்பவை ஒரே குடும்பத்து நுண்ணுயிர்கள்.

பனையின் பாளையைச் சீவினால் சொட்டும் சாற்றில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரை சர்க்கரை. பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது நாம் டீயில் போடும் அதே சர்க்கரை. கூடவே கொஞ்சம் புரதம், தாது உப்புகள், வைட்டமின்கள். இனிப்பும் தண்ணீரும் சத்தும் ஒன்றாகச் சேர்ந்து, முப்பது டிகிரிச் சூட்டில், திறந்த பானையில் இரவெல்லாம் தொங்கினால் என்ன ஆகும்? பாளையின் தோலிலும் அருவாளின் விளிம்பிலும் வண்டின் காலிலும் முட்டியின் சுவரிலும் ஏற்கனவே இருக்கிற நுண்ணுயிர்களுக்கு அது விருந்து. பாக்டீரியா அரை மணிக்கு ஒரு முறை இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 5 மணிக்கு இருந்த ஒன்று பகல் 12 மணிக்குப் பதினாறாயிரத்துக்கும் மேல். “பொழுது ஏறுனா கெட்டுரும்” என்று மரமேறிகள் சொல்வதன் கணக்கு இது.

விருந்துக்கு வருபவை ஒரே நேரத்தில் வருவதில்லை. முதல் சில மணி நேரம் லாக்டிக் அமில பாக்டீரியாக்களின் ஆட்சி. அவற்றில் முக்கியமானது லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ். நம் அடுக்களைக்கு இது புதிதல்ல. இட்லி மாவைப் பொங்க வைப்பதில் முன்னால் நிற்பது இதே பாக்டீரியாதான். ஆனால் சுக்ரோஸ் நிறைந்த சாற்றில் அது வேறொரு வேலையும் செய்கிறது. சர்க்கரையை நீளநீளமாகக் கோத்து டெக்ஸ்ட்ரான் என்ற பிசினாக்கிவிடுகிறது. சாறு கொழகொழத்து, ஊற்றினால் நூல் விடுகிறது. கரும்பாலைக்காரர்கள் அஞ்சுவதும் இந்தப் பிசினைக் கண்டுதான். அடுத்து ஈஸ்ட் வருகிறது, பெரும்பாலும் சாக்கரோமைசீஸ் செரிவிசியே. ரொட்டியை உப்ப வைப்பதும் பல வகை பீரை வடிப்பதும் இதே இனம். சர்க்கரை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. முட்டி நுரைக்கிறது. கடைசியில், காற்றுப் படும் மேற்பரப்பில் அசெட்டிக் அமில பாக்டீரியாக்கள் உட்கார்ந்து ஆல்கஹாலைக் காடியாக்குகின்றன. சுண்ணாம்பு படாத சாறு ஏறத்தாழ 7 என்ற பி.எச். அளவில் (புளிப்பு கூடினால் இந்த எண் குறையும்) தொடங்கி, ஒரு நாள் ஆவதற்குள் 4-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அதற்குள் ஆல்கஹால் நூற்றுக்கு நான்கைந்து பங்கு ஏறியிருக்கும்.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், எது கெட்டது என்பது யார் எதற்காகக் காத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. தெளுவு குடிக்க வந்தவருக்கு ஈஸ்ட் தொடங்கிய கணமே சரக்கு கெட்டது. கள்ளுக்காரருக்கு அது தொடக்கம். அவர் முதல் நாள் கள்ளின் மண்டியை முட்டியின் அடியிலேயே விட்டு வைப்பது அந்த ஈஸ்ட் தொலையாமல் இருக்கத்தான். காடி எட்டிப் பார்த்தால் அவருக்குச் சரக்கு போச்சு. கோவாவில் தென்னங்கள்ளைக் காடியாகும் வரை வேண்டுமென்றே விட்டு வைத்துச் சமையலுக்கு எடுக்கிறார்கள். இலங்கையிலும் தென்னங்காடி உண்டு. ஒரே மரம், ஒரே சாறு.

கெட்டது என்பது ஆளைப் பொறுத்தது என்ற இந்த உண்மைக்குச் சைமோமோனாஸ் மொபிலிஸ் என்ற பாக்டீரியாவை விட நல்ல சாட்சி கிடையாது. 1912-ல் இங்கிலாந்தில் ஆப்பிள் மதுவுக்கு வந்த ஒரு நோய்க்குக் காரணமாக இதை விவரித்தார்கள். பின்னர் பீரைக் கெடுப்பதாகவும் அடையாளம் கண்டார்கள். அது புகுந்த பீரில் அழுகிய முட்டை வாடையும் அழுகிய ஆப்பிள் வாடையும் சேர்ந்து வரும். ஆனால் 1920-களில் லிண்ட்னர் என்ற ஜெர்மானியர் இதே உயிரை மெக்சிகோவின் கற்றாழைக் கள்ளில் கண்டெடுத்தபோது அது அங்கே கெடுக்கும் உயிராக இல்லை. வடிக்கும் உயிராகவே இருந்தது. பனங்கள்ளிலும் அப்படித்தான், ஈஸ்டோடு தோள் சேர்ந்து ஆல்கஹால் உண்டாக்குகிறது. இந்தப் பாக்டீரியாவால் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ் மூன்றையும் தின்ன முடியும். பீர் ஊறலில் மிகுந்திருக்கும் மால்ட்டோஸைத் தொட முடியாது. வீட்டில் பீர் வடிப்பவர் நுரைக்காகக் கடைசியில் ஒரு கரண்டிச் சர்க்கரை போட்டு பாட்டிலை மூடுகிறாரே, அப்போதுதான் அதற்கு வாய்ப்பு.

பீருக்கு நம் தெளுவுக்கு இல்லாத மூன்று காவல்கள் உண்டு. ஊறலைக் கொதிக்க வைக்கிறார்கள். ஹாப் என்ற கொடியின் பூவைச் சேர்க்கிறார்கள். அதன் கசப்பு அமிலங்கள் பாக்டீரியாக்களில் ஒரு பெரும் பிரிவை வளரவிடாது. பிறகு தாங்கள் தேர்ந்தெடுத்த ஈஸ்டை மட்டும் இடுகிறார்கள். இந்த மூன்றாவது காவலுக்கு வழி காட்டியவர் லூயி பாஸ்டர். 1871-ல் அவர் லண்டனில் விட்பிரெட் மதுவாலைக்குப் போய், அவர்களுடைய ஈஸ்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஈஸ்டுக்கு நடுவே அன்னிய உயிர்கள் இருப்பதைக் காட்டி, இந்தப் பீர் கெடும் என்று குடித்துப் பார்க்காமலேயே சொன்னார். 1876-ல் பீரைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து 1883-ல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பைப் பிரித்தெடுத்தார். நான் மேலே எழுதிய பி.எச். என்ற அளவுகோலும் 1909-ல் அதே ஆய்வகத்தில் சோரன்சன் உருவாக்கியதுதான். புளிப்பை நாக்கால் அளந்துகொண்டிருந்த உலகத்துக்கு எண்ணால் அளக்கக் கற்றுக் கொடுத்தது ஒரு பீர்க் கம்பெனியின் ஆய்வகம். இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

இத்தனை காவலையும் மீறிப் பீர் கெடும். லாக்டோபேசில்லஸ், பீடியோகாக்கஸ் இனங்களில் சில ஹாப்பின் கசப்பைத் தாங்கப் பழகியவை. அவை புகுந்தால் புளிப்பு ஏறும், அல்லது டைஅசெட்டில் என்ற பொருளால் வெண்ணெய் வாடை அடிக்கும். காற்றுப் புகுந்தால் காடி. மேலே வெள்ளையாக, சுருக்கம் விழுந்த ஏடு படர்ந்தால் காட்டு ஈஸ்ட் குடியேறிவிட்டது என்று பொருள். பச்சை, கறுப்பு நிறத்தில் பஞ்சு போல் முளைத்தால் பூஞ்சை. அதைக் கொட்டிவிட வேண்டியதுதான். ஆனால் அடியில் மண்டி தங்குவதும், கலங்கலாக இருப்பதும், வடிக்கும் நாட்களில் லேசான கந்தக வாடை வருவதும் கெட்டதன் அடையாளமாகிவிடாது. புதிதாக வடிப்பவர்கள் இவற்றைக் கண்டு பயந்து நல்ல சரக்கைக் கீழே ஊற்றுகிறார்கள்.

தெளுவுக்கு ஒரே காவல்தான். சுண்ணாம்பு. சாயங்காலம் முட்டியின் உள்பக்கம் சுண்ணாம்பைத் தடவிக் கட்டுகிறார்கள். சொட்டுகிற சாறு அதில் படும்போது பி.எச். 10-க்கு மேல் ஏறிவிடுகிறது. ஈஸ்டுக்கு லேசான புளிப்புத்தான் பிடித்த இடம். இவ்வளவு காரத்தில் அது பெருகாது. பாக்டீரியாக்களில் பெரும்பாலானவையும் அடங்கிவிடும். கள் முட்டிக்கும் தெளுவு முட்டிக்கும் உள்ள வேறுபாடு இந்தத் தடவல்தான். ஆனால் சுண்ணாம்பு தீர்ந்துபோகும் பொருள். காற்றிலுள்ள கரியமில வாயுவும், எங்கோ ஒரு மூலையில் நொதிக்கத் தொடங்கிய உயிர்கள் விடும் அமிலமும் வாயுவும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். கரைந்திருந்த சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாகி அடியில் வெள்ளையாகப் படியும். காரம் இறங்கியதும் கதவு திறந்துவிட்டது. எவ்வளவு தடவுவது என்பதில்தான் மரமேறியின் கைத்திறன் இருக்கிறது. குறைந்தால் விடிவதற்குள் புளிக்கும், கூடினால் நாக்கு காந்தும். மழைத் தூறல், மேகமூட்டம், வெக்கை என்று ஒவ்வொரு இரவுக்கும் அளவு மாறும். எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தராத இந்த அளவைக் கையில் வைத்திருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

இனி அந்த அரை நிமிடச் சோதனைக்கு வருவோம்.

மூக்கு நன்றாக வேலை செய்கிறது. நல்ல தெளுவில் இளம் பாளை வாசமும் சுண்ணாம்பின் மெல்லிய நெடியும் இருக்கும். ஈஸ்ட் வாடை அடித்தால் நொதித்தல் நடக்கிறது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை வந்தால் அது எத்தில் அசிட்டேட். ஆல்கஹாலும் காடியும் இரண்டுமே உண்டாகிவிட்டன என்று அர்த்தம். முட்டை வாடை கந்தகச் சேர்மங்கள். அவற்றைக் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். கண் கொஞ்சம் ஏமாறும். ஊற்றும்போது எழும் நுரை எதையும் நிரூபிக்காது. ஊற்றி முடித்து ஓரிரு நிமிடம் கழித்தும் அடியிலிருந்து பொடிக்குமிழிகள் விடாமல் ஏறினால்தான் அது ஈஸ்டின் மூச்சு. நாக்கு புளிப்பைக் கண்டுபிடிக்கும், ஆனால் தாமதமாக. தெளுவின் இனிப்பு அவ்வளவு பலமானது. ஆரம்பப் புளிப்பை அது மூடிவிடும். ஐஸ் போட்டுக் கொடுத்தால் மூக்கும் நாக்கும் இரண்டுமே மந்தமாகிவிடும்.

விரலால் தொட்டு இழுத்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. நூல் விட்டால் லூக்கோநாஸ்டாக் வேலையைத் தொடங்கிவிட்டது. புளிப்பு பலமாகத் தெரிவதற்கு முன்பே இது தெரியவரும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

மஞ்சளை வைத்தும் ஒரு சோதனை செய்யலாம். குங்குமம் செய்யும் வீடுகளுக்கு இது தெரிந்த வேதியியல்: மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். மஞ்சளிலுள்ள குர்க்குமின் பி.எச். 8-ஐத் தாண்டும் இடத்தில் நிறம் மாறுகிறது. கலப்பில்லாத மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் தடவிக் காய வைத்து, துண்டு துண்டாக நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டைத் தெளுவில் நனைத்தால் சிவந்து வர வேண்டும். சிவந்தால் சுண்ணாம்பு இன்னும் காவல் நிற்கிறது. மஞ்சளாகவே இருந்தால் காவல் போய்விட்டது. புளிப்பு தெரியாவிட்டாலும் நேரம் ஓடத் தொடங்கிவிட்டது. சுண்ணாம்பே சேர்க்காமல் குளிர்ச்சியில் இறக்கும் நீராவுக்கு இந்தச் சோதனை பயன்படாது.

கெட்டதைத் துல்லியமாகச் சொல்வது கருப்பட்டி காய்ச்சும் வாணலி. குன்னத்தூர்ப் பக்கம் பனங்கருப்பட்டியும் தென்னங்கருப்பட்டியும் காய்ச்சும் குடும்பங்களுக்கு இது பிழைப்புப் பிரச்சினை. ஈஸ்ட் சுக்ரோஸை நேரடியாகத் தின்பதில்லை. முதலில் அதைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக உடைக்கிறது. புளிப்பும் அந்த உடைப்புக்குத் துணை. கட்டியாக உறைவது சுக்ரோஸின் குணம். உடைந்த சர்க்கரை உறைவதைத் தடுக்கும், காற்றின் ஈரத்தையும் இழுக்கும். நாக்கில் இனிப்பு துளியும் குறையாத தெளுவுகூட வாணலியில் மணிக்கணக்காகக் காய்ந்த பிறகு பதம் வராமல் பாகாகவே நிற்கும்; அச்சில் ஊற்றினால் இளகும். விறகும் உழைப்பும் போயிற்று. அப்போது கைகொடுக்கக் கடைச் சீனியைச் சேர்க்கும் ஆசை வருகிறது. கருப்பட்டியில் சீனிக் கலப்படம் பற்றிப் பேசும்போது விலையை மட்டுமே பேசுகிறோம். சுண்ணாம்பு தவறிய ஒரு முட்டியும் அந்தக் கலப்படத்துக்கு ஒரு காரணம்.

மூடி போட்ட பாட்டில் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு லிட்டர் சாற்றில் 120 கிராம் சர்க்கரை இருந்து, அத்தனையும் நொதித்தால் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹாலும், அதே எடைக்குக் கரியமில வாயுவும் உண்டாகும். அந்த வாயு அறைச் சூட்டில் 30 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். பஸ்ஸில் ஊருக்கு எடுத்துப்போகிற பிளாஸ்டிக் பாட்டில் உருண்டு தடித்து நிற்பதும், திறந்தால் பீய்ச்சுவதும் இதனால்தான். கண்ணாடி பாட்டில் வெடிக்கும். வீட்டுப் பீரில் நடக்கும் விபத்துகளில் மிகவும் அஞ்ச வேண்டியது இதுதான்.

கெட்டுவிட்டதா என்ற கேள்வியையும், தீங்கு செய்யுமா என்ற கேள்வியையும் நாம் ஒன்றாகவே கேட்டுப் பழகிவிட்டோம். இரண்டும் வேறு. புளித்த பீரையோ புளித்த தெளுவையோ தெரியாமல் குடித்துவிட்டவர் பெரும்பாலும் முகம் சுளிப்பார், வயிறு கொஞ்சம் கலங்கும். பி.எச். 4.6-க்குக் கீழே போன திரவத்தில் பொட்டுலிச நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளராது. புளிப்பும் ஆல்கஹாலும் மற்ற பல நோய்க்கிருமிகளையும் தடுக்கும். அதற்காகக் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று அர்த்தமல்ல. நொதித்த தெளுவில் இருப்பது மது.

எதிர்ப்பக்கம்தான் பயங்கரமானது. கெடாத ஒன்று கொல்லலாம். வங்கதேசத்தில் குளிர்காலத்தில் ஈச்சமரத்தின் தண்டைச் சீவிச் சாறு இறக்கி, விடிந்ததும் பச்சையாகக் குடிப்பார்கள். 2005-ல் அங்கே டாங்காயில் பகுதியில் பரவிய நிபா காய்ச்சலின் தடம் இந்தச் சாற்றில் போய் முடிந்தது. இரவில் படம் பிடிக்கும் கேமராக்களை மரத்தில் கட்டிப் பார்த்தபோது, பழந்தின்னி வவ்வால்கள் சாறு வழியும் இடத்தை நக்குவது தெரிந்தது. வைரஸ் சர்க்கரையைத் தின்னாது, வாயு விடாது, புளிக்க வைக்காது. அந்தச் சாறு புத்தம் புதிதாக, மணமாக, இனிப்பாக இருந்திருக்கும். அந்த நாட்டில் நிபா கண்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் இறந்திருக்கிறார்கள். மூங்கில் பட்டைப் பாவாடையால் சீவிய இடத்தை மூடினால் வவ்வால் அண்டாது என்று அங்கே கண்டிருக்கிறார்கள். நம் பனையில் பாளையின் நுனி முட்டிக்குள் இருக்கும், தண்டு திறந்து கிடப்பதில்லை. ஆனாலும் முட்டியின் வாயைப் பன்னாடை கொண்டு மூடிக்கட்டும் பழக்கத்தை நான் மனதார வரவேற்கிறேன்.

மெத்தனாலும் அப்படித்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது அது. சாராயம் கெட்டுப்போய் மெத்தனால் ஆவதில்லை; தொழிற்சாலைப் பொருளை யாரோ கொண்டுவந்து கலக்கிறார்கள். உடம்புக்குள் அது ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாறிப் பார்வையையும் உயிரையும் பறிக்கிறது. குடிப்பவரின் மூக்குக்கும் நாக்குக்கும் அது சாதாரண ஆல்கஹாலிலிருந்து வேறாகத் தெரியாது. தெலங்கானாவில் கள்ளில் கலந்து பிடிபட்டிருக்கும் குளோரல் ஹைட்ரேட்டும் குடிப்பவருக்குப் போதையாகத்தான் தெரியுமே தவிர நஞ்சாகத் தெரியாது. மோந்து பார்த்துத் தப்பிக்கலாம் என்ற நம்பிக்கை இந்த இடத்தில் உயிரை வாங்கும். எங்கிருந்து வந்தது, யார் இறக்கியது என்று தெரியாத எதையும் எந்தச் சோதனையாலும் வீட்டில் நிரூபித்துக்கொள்ள முடியாது.

சுண்ணாம்புக்கு மாற்று வந்துவிட்டது. காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் தென்னம்பாளையோடு பொருத்தும் ஒரு குளிர்பெட்டியைச் செய்திருக்கிறது. உள்ளே ஐஸ், சாறு சொட்டும்போதே குளிர்ந்துவிடும். அந்தக் குளிரில் நுண்ணுயிர்களின் இரட்டிப்பு ஏறக்குறைய நின்றுபோகிறது. கல்பரசா என்ற பெயரில் அந்தச் சாறு விற்பனைக்கு வருகிறது. தமிழ்நாட்டில் 2017-ல் தென்னை நீராவுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் ஐஸ் பெட்டியோடு பனை உச்சிக்கு ஏறுவது தென்னையில் ஏறுவதுபோல் அல்ல. பனைக்கு இன்னும் சுண்ணாம்புதான் கதி.

அதனால் கேட்கிறேன். அவிநாசி, சேவூர், குன்னத்தூர் வட்டாரத்தில் மரம் ஏறுகிறவர்கள் கையில் பி.எச். தாள் கட்டு ஒன்று இருக்க வேண்டும். அதன் விலை பெரிதல்ல. கூட்டுறவுச் சங்கமோ வேளாண் பல்கலைக்கழகமோ ஒரு பருவத்துக்கு அதைக் கொடுத்து, எந்த இரவில் எவ்வளவு சுண்ணாம்பு, விடியலில் எவ்வளவு காரம் மிச்சம் என்று மரமேறிகளோடு உட்கார்ந்து குறித்தால், அந்தக் கைத்திறன் எழுத்தில் தங்கும். குடிக்கிறவர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. இறக்கிய நேரத்தைக் கேளுங்கள். ஐஸ் போடுவதற்கு முன் முகர்ந்து பாருங்கள். அங்கேயே குடியுங்கள், மூடி போட்ட பாட்டிலில் அடைத்து வெயிலில் கொண்டு போகாதீர்கள். நூல் விட்டாலோ குமிழி நிற்காமல் ஏறினாலோ, விற்பவரிடம் பக்குவமாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.